ஒரே பெட்டி, நான்கு சட்டங்கள்: விமான நிலையத்தில் எதை, யார், ஏன் தடுக்கிறார்கள்?

பவர் பேங்கைப் பெரிய பெட்டிக்குள் போட்டால், கையில் எடுத்து வரச் சொல்கிறார்கள். காயா ஜாம் போத்தலைக் கையில் எடுத்து வந்தால், பெட்டியில் போட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஒன்றும் சொல்லாமல் அனுப்பிய பொருளை, திரும்பி வரும்போது திருச்சியில் எடுத்து வெளியே வைக்கிறார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் அதன் மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்கூட்டும் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்த பிறகு குழப்பம் இன்னும் கூடிவிட்டது. கையில் கொண்டுபோகலாம், ஆனால் போனில் செருகக் கூடாது என்றால் அது என்ன விதி?

இவை அனைத்தையும் ஒரே பட்டியலாக மனப்பாடம் செய்ய முயல்வதால்தான் தலை சுற்றுகிறது. உண்மையில் ஒரு பெட்டி ஊர் போய்ச் சேர்வதற்குள் நான்கு தனித்தனிச் சட்டங்களைக் கடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் கவலை வேறு, அதிகாரி வேறு, தண்டனையும் வேறு.

நான்கு கேள்விகள்

1. எடை எவ்வளவு, அளவு என்ன? இதைக் கேட்பது விமான நிறுவனம். டிக்கெட் வாங்கும்போது நீங்கள் ஒப்புக்கொண்ட ஒப்பந்தம் இது.

2. உள்ளே தீப்பிடிக்கக்கூடிய பொருள் இருக்கிறதா? அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் 18-ஆம் இணைப்பு ஆபத்தான பொருள்களைப் பற்றியது. சிங்கப்பூரில் இதைக் கவனிப்பது சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். பயணி நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியே இங்கு எழுவதில்லை; பொருளின் வேதியியல் மட்டுமே கணக்கு.

3. யாராவது வேண்டுமென்றே தீங்கு செய்ய முடியுமா? இது ஐகாவோவின் 17-ஆம் இணைப்பு. எக்ஸ்ரே கருவி, உலோகத்தைக் கண்டறியும் வாசல், 100 மில்லிலிட்டர் திரவக் கணக்கு எல்லாம் இதற்குள் வரும். இந்தியாவில் பிகாஸ் எனப்படும் விமானப் பாதுகாப்புப் பணியகம் விதியை எழுதுகிறது. சென்னை, திருச்சி போன்ற நிலையங்களில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை அதைச் செயல்படுத்துகிறது.

4. இந்தப் பொருள் இந்த நாட்டுக்குள் வரலாமா, வந்தால் வரி உண்டா? இது சுங்கத்துறை, உணவு இறக்குமதியைக் கவனிக்கும் உணவு அமைப்பு, போதைப்பொருள் சட்டம் ஆகியவற்றின் பகுதி.

இவற்றில் பணம் கட்டித் தீர்க்கக்கூடிய விதிமீறல் முதலாவது மட்டுமே. கூடுதல் எடைக்குக் காசு கொடுத்தால் பெட்டி போகும். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அப்படி வழியில்லை. நான்காவதில் வரிக்குரிய பொருளை அறிவித்து வரி கட்டலாம்; தடை செய்யப்பட்ட பொருளுக்கு அந்த வழியும் இல்லை. அதேபோல் ஒரு கட்டத்தைக் கடந்தது அடுத்ததற்கு அனுமதிச் சீட்டு ஆகாது. கவுண்டர் ஊழியர் பெட்டியை வாங்கிக்கொண்டார் என்றால் எடை சரி என்று மட்டுமே பொருள். உள்ளே இருப்பதை அவர் பார்த்ததே இல்லை.

எடைக் கணக்கு

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இக்கானமி வகுப்பில் கைப்பெட்டிக்கு 7 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஸ்கூட்டில் கைப்பெட்டியும் ஒரு சிறு பையும் சேர்த்து 10 கிலோ. பெரிய பெட்டிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். மலிவுக் கட்டண நிறுவனங்களில் கவுண்டரில் கட்டும் தொகை, முன்பே இணையத்தில் வாங்குவதைவிட நன்றாகவே கூடுதல். ஆகவே முஸ்தபாவில் சாமான் வாங்கி முடித்த அன்றே வீட்டில் பெட்டியை எடை போட்டுப் பார்ப்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

ஒரு வரம்பு மட்டும் பணத்துக்கும் வளையாது. மொத்தம் 40 கிலோ வாங்கியிருந்தாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. அதைத் தூக்கி விமான வயிற்றில் அடுக்குபவர் ஒரு மனிதர். அவருடைய முதுகெலும்புக்காக வைத்த வரம்பு அது.

பவர் பேங்க்: கையில் ஏன், பயன்பாட்டுக்கு ஏன் தடை?

லித்தியம்-அயன் மின்கலத்தின் உள்ளே இரண்டு மின்முனைகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று இருக்கிறது. அடிபட்டாலோ, தயாரிப்பில் குறை இருந்தாலோ, அளவுக்கு மீறி மின்னேற்றினாலோ அந்தப் படலம் கிழியலாம். கிழிந்தால் முனைகள் தொட்டுக்கொண்டு சூடேறும். அந்தச் சூடு அடுத்த வேதிவினையைத் தூண்ட, அது மேலும் சூட்டைக் கிளப்பும். ஒரு கட்டத்துக்கு மேல் வெளியிலிருந்து எதுவும் தேவையில்லாமல் அது தானே ஓடும். உள்ளிருக்கும் திரவம் எளிதில் தீப்பற்றும் வகை. நேர்மின்முனையும் சூட்டில் ஆக்சிஜனை வெளிவிடும்.

விமானத்தின் சரக்கறையில் தீயை அணைக்க ஹாலான் வாயு இருக்கிறது. அது சுவாலையை அடக்கும். ஆனால் மின்கலத்தைக் குளிர வைக்காது. சுவாலை அடங்கினாலும் சூடு ஒரு கலத்திலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே போகும். பயணிகள் பகுதியில் நடந்தால் யாராவது புகையைப் பார்ப்பார்கள்; சிப்பந்திகள் தீயணைப்பானை அடித்து, பிறகு தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பார்கள். பவர் பேங்க் கையில்தான் வர வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். ஆபத்தான பொருள் என்பதாலேயே அதைக் கண்ணுக்கு எட்டும் இடத்தில் வைக்கச் சொல்கிறார்கள். 2016 ஏப்ரல் முதல், பயணிகள் விமானத்தில் லித்தியம்-அயன் மின்கலங்களைத் தனிச் சரக்காக ஏற்றவும் ஐகாவோ தடை விதித்துள்ளது.

கையில் இருந்தால் போதாது என்ற எண்ணம் 2025-ல் வலுப்பெற்றது. அவ்வாண்டு ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்பட இருந்த ஏர் பூசான் விமானம் தீப்பிடித்து எரிந்தது. அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். தலைக்கு மேலுள்ள அடுக்கில் தொடங்கிய அந்தத் தீக்கு பவர் பேங்க் காரணமாக இருக்கக்கூடும் என்று விசாரணையாளர்கள் தெரிவித்தார்கள். மூடிய அடுக்குக்குள் பைகளுக்கு நடுவே புகைந்தால், அது சரக்கறையில் இருப்பதற்குச் சமம். மார்ச் 1 முதல் தென்கொரியா பவர் பேங்கை மேலடுக்கில் வைப்பதைத் தடை செய்தது. ஒரு மாதம் கழித்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் பயன்பாட்டைத் தடை செய்தன: பவர் பேங்கிலிருந்து போனுக்கு மின்னேற்றவும் கூடாது, இருக்கையிலுள்ள யுஎஸ்பி துளையிலிருந்து பவர் பேங்கை நிரப்பவும் கூடாது. மின்னோட்டம் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும்தான் கலம் சூடாகிறது. சும்மா கிடக்கும்போது அந்தச் சூடு இல்லை. எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதல் இதே வழிக்கு வந்தது, அதோடு ஒருவருக்கு ஒன்றுதான் என்றும் வரம்பு வைத்தது. எண்ணிக்கை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், புறப்படும் வாரத்தில் அவரவர் பயணம் செய்யும் நிறுவனத்தின் பக்கத்தைப் பார்த்துக்கொள்வதே சரி.

லேபிலைப் படிக்கும் முறை

கடையில் எல்லோரும் சொல்வது எம்ஏஎச், அதாவது மில்லி-ஆம்பியர்-ஹவர் கணக்கு. விமான விதி பேசுவது உள்ளே சேமித்த ஆற்றலை அளக்கும் வாட்-ஹவர் கணக்கில். இரண்டையும் இணைப்பது எளிது: எம்ஏஎச் எண்ணை 1,000-ஆல் வகுத்து, 3.7-ஆல் பெருக்க வேண்டும். 3.7 என்பது உள்ளிருக்கும் கலத்தின் வோல்ட். வெளியே யுஎஸ்பி தரும் 5 வோல்ட்டை வைத்துப் பெருக்கினால் தவறான விடை வரும்.

10,000 எம்ஏஎச் என்றால் 37 வாட்-ஹவர். 20,000 என்றால் 74. 26,800 என்றால் 99-ஐச் சற்றே தாண்டும். 30,000 என்றால் 111.

100 வாட்-ஹவர் வரை தனி அனுமதி தேவையில்லை. 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160-ஐத் தாண்டினால் கையிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. சந்தையில் 26,800 என்ற அந்த வினோதமான எண் அவ்வளவு அதிகமாகக் கண்ணில் படுவது இந்த 100 வரம்புக்காகத்தான். எழுத்து அழிந்துபோன பவர் பேங்க் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சிக்கல்தான், ஏனெனில் சோதனை அதிகாரி ஊகித்து அனுமதிக்க முடியாது. சீனா 2025 ஜூன் 28 முதல் உள்நாட்டு விமானங்களில் தன் கட்டாயத் தரச் சான்றான 3சி முத்திரை இல்லாதவற்றை ஏற்பதே இல்லை. ஷாங்காய், குவாங்சோ வழியாக உள்நாட்டுப் பயணம் தொடர்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பலரும் தவறவிடும் தருணம் ஒன்று உண்டு. விமானம் நிறைந்துவிட்டது, கைப்பெட்டியைக் கீழே போடுகிறோம் என்று சொல்லி, விமானம் ஏறும் கேட்டில் ஊழியர் வாங்கிக்கொள்வார். அந்தக் கணம் அது கைப்பெட்டி அல்ல, சரக்கறைப் பெட்டி. உள்ளே இருக்கும் பவர் பேங்க், உதிரி மின்கலம் எல்லாவற்றையும் அங்கேயே எடுத்துவிட வேண்டும். மேல் ஜிப்பில் தனிப் பையாக வைத்திருந்தால் வரிசையில் நின்று துணிகளைக் கிளற வேண்டியதில்லை.

கற்பூரம், கொப்பரை, கோடாரித் தைலம்

நம் வீடுகளில் யாரும் ஆபத்து என்று நினைக்காத சில பொருள்கள் இதே இரண்டாம் சட்டத்தில் மாட்டுகின்றன. கற்பூரம் எளிதில் தீப்பற்றும் திடப்பொருள் என்ற வகையில் வருகிறது; கையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. பூசைச் சாமான் பொட்டலத்தில் ஒரு சிறு டப்பா கிடந்தாலும் பெட்டியைத் திறப்பார்கள். கொப்பரை, அதாவது உலர்ந்த தேங்காய், தானே சூடேறும் பொருள் என்ற பட்டியலில் இருக்கிறது. எண்ணெய்ப் பசையுள்ள பருப்பு காற்றோடு வினைபுரிந்து மெல்லச் சூடாவதே காரணம். பிகாஸ் 2022-ல் அதைப் பெட்டியில் தடை செய்யப்பட்டவற்றோடு சேர்த்தது. 2024-ல் சபரிமலைப் பருவத்துக்கு மட்டும் இருமுடித் தேங்காயைக் கைப்பையில் கொண்டுபோக இந்தியா தந்தது குறிப்பிட்ட நாள்வரை இருந்த சலுகை; அதை நிரந்தர விதி என்று எண்ணிவிடக் கூடாது.

கோடாரித் தைலத்துக்குப் பயப்பட வேண்டாம். 1928 முதல் சிங்கப்பூரின் அடையாளமாக இருக்கும் அந்தப் போத்தல் இல்லாமல் ஊருக்குப் போனால் பெரியம்மாவிடம் பதில் சொல்ல முடியாது. மருந்து, ஒப்பனைப் பொருள்களுக்கு ஒருவருக்கு மொத்தம் 2 கிலோ அல்லது 2 லிட்டர், ஒவ்வொரு போத்தலும் அரை லிட்டருக்குள் என்பது விதி. வாசனைத் திரவியமும் தலைமுடி ஸ்பிரேயும் இதே கணக்கில் சேரும். 56 மில்லிலிட்டர் தைலப் போத்தல் ஒரு டஜன் எடுத்தாலும் 672 மில்லிலிட்டர்தான். பெட்டியில் தாராளமாகப் போகலாம்.

திரவ விதியும் சாங்கியின் அமைப்பும்

2006 ஆகஸ்டில், பானப் போத்தல்களில் திரவ வெடிபொருளை மறைத்து விமானங்களைத் தகர்க்கும் சதியை லண்டனில் முறியடித்தார்கள். அதிலிருந்து பிறந்ததே 100 மில்லிலிட்டர் விதி. சிங்கப்பூரில் அது 2007-ல் நடைமுறைக்கு வந்தது. கைப்பையில் உள்ள ஒவ்வொரு போத்தலும் 100 மில்லிலிட்டருக்குள் இருக்க வேண்டும். எல்லாம் ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள, மூடித் திறக்கக்கூடிய, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பைக்குள் அடங்க வேண்டும். குழந்தைக்கான பால், பயணத்துக்குத் தேவையான மருந்து ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு.

போத்தலின் அளவே கணக்கு, உள்ளே மிச்சமிருப்பது அல்ல. 200 மில்லிலிட்டர் போத்தலின் அடியில் நான்கு சொட்டு இருந்தாலும் அனுமதி கிடையாது. ஒவ்வொன்றிலும் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்க வரிசையில் நேரம் இல்லை. திரவம் என்பதில் வழியும், குழையும், தடவும் எல்லாமும் சேரும்: நெய், ஊறுகாய், இட்லி மாவு, சம்பல், காயா, பற்பசை. முறுக்கும் அதிரசமும் தப்பித்துக்கொள்ளும்.

இனி சாங்கிக்கே உரிய ஒரு விஷயம். உலகின் பல நிலையங்களில் குடிநுழைவை ஒட்டியே எல்லாருக்கும் பொதுவான பாதுகாப்புச் சோதனை இருக்கும். சாங்கியின் 1, 2, 3-ஆம் முனையங்களில் அப்படி இல்லை. குடிநுழைவு முடித்து, கடைகளைச் சுற்றி, கடைசியில் கேட் வாசலில்தான் தட்டு, எக்ஸ்ரே எல்லாம். 2017-ல் திறந்த 4-ஆம் முனையத்தில் மட்டும் சோதனை ஒரே இடத்தில் நடக்கிறது. அங்குள்ள கருவி பையை முப்பரிமாணத்தில் பார்ப்பதால் மடிக்கணினியை வெளியே எடுக்க வேண்டியதில்லை. முதல் மூன்று முனையங்களின் அமைப்பிலிருந்து சில விளைவுகள் வருகின்றன:

1. கடைப் பகுதியில் வாங்கிய தண்ணீர்ப் போத்தல் கேட்டில் நின்றுவிடும். குடித்துவிட்டு வெறும் போத்தலோடு போனால், உள்ளே குழாயில் நிரப்பிக்கொள்ளலாம்.

2. தீர்வையற்ற கடையில் வாங்கும் மதுவையும் வாசனைத் திரவியத்தையும் முத்திரையிட்ட பையில் போட்டு, ரசீது உள்ளே தெரியும்படி தருவார்கள். ஊர் போய்ச் சேரும்வரை அதைப் பிரிக்கக் கூடாது. இடையில் வேறு நாட்டில் விமானம் மாறுவோர் ஆர்வத்தில் பிரித்துவிட்டால், அடுத்த சோதனையில் அது வெறும் பெரிய போத்தல்.

3. கேட்டுக்குக் கடைசி நிமிடத்தில் ஓடி வருவது ஆபத்து. சோதனை வரிசையே அங்கேதான் இருக்கிறது. தாய் தந்தையரைத் தனியாக ஊருக்கு அனுப்புபவர்கள் இதை அவர்களுக்கு முன்பே சொல்லி வைப்பது நல்லது. குடிநுழைவு முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று அவர்கள் நாற்காலியில் அமர்ந்துவிடுவது இயல்பு.

அவர்களைக் கேட்வரை கொண்டுவிட ஒரு மலிவு டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம் என்று யோசிப்பவர்கள் உண்டு. வேண்டாம். கடைப் பகுதி சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடம். பயணம் செய்யும் எண்ணம் இல்லாமல் போர்டிங் பாஸோடு நுழைந்தால் 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். முதியவருக்குத் துணை தேவையென்றால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சக்கர நாற்காலி கேட்கலாம்.

பிரிட்டனில் எடின்பரோ, பர்மிங்காம் நிலையங்கள் புதிய ஸ்கேனர்களை நம்பி 2025-ல் 2 லிட்டர் வரை அனுமதிக்கத் தொடங்கின. கருவி உள்ள இடத்தில் விதி தளர்கிறது. ஆனால் திரும்பும் ஊரில் அந்தத் தளர்வு இல்லாமல் போகலாம். சிங்கப்பூர், இந்தியப் பயணிகளுக்கு 100 என்றே வைத்துக்கொண்டு கட்டுவது பாதுகாப்பு.

அடுத்தவர் பொட்டலம்

நான்காம் சட்டத்தில் நம் சமூகம் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இது. ஊருக்குப் போகிறேன் என்று சொன்னதும் தங்கும் விடுதியில், புளோக்கின் கீழே, கோவிலில் யாராவது ஒரு பொட்டலம் நீட்டுவார்கள். அண்ணே, இது மட்டும், வீட்டில் வந்து வாங்கிக்கொள்வார்கள் என்பார்கள். மறுக்க மனம் வராது. பெரும்பாலும் அது சாக்லேட்டும் சட்டையும்தான். ஆனால் குருவிகளை, அதாவது பிறர் பொருளைச் சுமந்து போகும் பயணிகளை, வைத்துப் பொருள் கடத்துபவர்களும் இதே இனிய குரலில்தான் கேட்கிறார்கள்.

சிங்கப்பூரின் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: போதைப்பொருள் இருக்கும் பை உங்கள் வசம் இருந்தால், அது உங்களிடம் இருப்பதாகவும், அது என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்றும் சட்டம் அனுமானிக்கும். தெரியாது என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை வரை போகும் நாட்டில், எனக்குத் தெரியாது, அவர்தான் கொடுத்தார் என்ற பதிலின் எடையை யோசித்துப் பாருங்கள். உறவினரே கொடுத்தாலும் பொட்டலத்தைப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, நீங்களே மீண்டும் கட்டுங்கள். பிரிக்க விடமாட்டேன் என்பவரின் பொருளைத் தொடாதீர்கள். இதில் முகதாட்சண்யத்துக்கு இடமே இல்லை.

திரும்பி வரும்போது

சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சுற்றுப்பயணிகளும், 48 மணி நேரம் அல்லது அதற்கு மேல் வெளிநாட்டில் இருந்திருந்தால் 500 வெள்ளி வரையிலான புதுப் பொருள்களுக்குப் பொருள் சேவை வரி இல்லை. அதற்குக் குறைவாக இருந்திருந்தால் 100 வெள்ளி. மேலே போனால் 9 விழுக்காடு. வேலை அனுமதிச் சீட்டு, எம்ப்ளாய்மென்ட் பாஸ், மாணவர் அட்டை போன்றவற்றில் இங்கிருப்பவர்களுக்கு இந்தச் சலுகையே கிடையாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஊரில் கல்யாணத்துக்கு வாங்கிய புது நகையை அணிந்து வந்தாலும் வரிக் கணக்கில் சேரும். சுங்கத்துறை செயலி வழியே முன்பே அறிவித்துப் பணம் கட்டிவிட்டால், வரிக்குரிய பொருளை அறிவிக்கும் சிவப்பு வழியில் நிற்கும் நேரம் குறையும். இங்கிருந்து கொண்டுபோன பழைய நகைக்கு ரசீது நகல் போனில் இருக்கட்டும்.

மின்சிகரெட், சூயிங் கம் இரண்டையும் கொண்டுவர முடியாது. 20,000 வெள்ளிக்கு மேல் ரொக்கம் இருந்தால், போகும்போதும் வரும்போதும் மின்னியல் முறையில் அறிவிக்க வேண்டும். ரொக்கம் கொண்டுபோவது குற்றமில்லை. அறிவிக்காமல் கொண்டுபோவதே குற்றம்.

பெட்டி வராவிட்டால், உடைந்து வந்தால்

இங்கே சட்டம் பயணியின் பக்கம் நிற்கிறது, ஆனால் பலரும் அதைக் கேட்டுப் பெறுவதில்லை. 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையில் சிங்கப்பூரும் இந்தியாவும் இருக்கின்றன. பெட்டி தொலைந்தாலோ சேதமானாலோ தாமதமானாலோ, ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் வரை நிறுவனம் பொறுப்பு. எஸ்டிஆர் என்பது அனைத்துலகப் பண நிதியத்தின் கணக்கு அலகு. இந்தத் தொகை 2,600 வெள்ளியை ஒட்டி வரும். 2024 டிசம்பர் 28-க்கு முன் வரம்பு 1,288 ஆக இருந்தது. கவனியுங்கள், இது உச்ச வரம்பு. உங்கள் இழப்பு எவ்வளவு என்று நீங்கள் காட்ட வேண்டும். பெட்டிக்குள் வைத்த நல்ல நெக்லஸ் ஒன்றுக்கே இந்தத் தொகை காணாது. நகை, கடப்பிதழ், மாத்திரை மூன்றும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

1. பெட்டி பட்டையில் வரவில்லை என்றால் வெளியே போகாதீர்கள். அங்கேயே உள்ள கவுண்டரில் பதிவு செய்து, பதிவு எண்ணை வாங்குங்கள். போர்டிங் பாஸோடு ஒட்டித் தந்த சிறு பெட்டிச் சீட்டு அப்போது தேவைப்படும்.

2. சேதம் என்றால் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும்.

3. தாமதமாக வந்தது என்றால், பெட்டி உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 21 நாளுக்குள். இடையில் வாங்கிய மாற்றுத் துணி, பல் துலக்கி வரை ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள்.

4. வர வேண்டிய நாளிலிருந்து 21 நாள் கழிந்தும் வராவிட்டால், அதைத் தொலைந்ததாகக் கொண்டு இழப்பீடு கேட்கலாம்.

5. நிறுவனம் மறுத்தால் வழக்குத் தொடர இரண்டு ஆண்டு அவகாசம். கவுண்டரில் வாய்மொழியாகச் சொன்ன புகார் இந்தக் கெடுக்கணக்கில் புகாராகவே கொள்ளப்படாது. தேதியோடு அனுப்பிய மின்னஞ்சல் கொள்ளப்படும்.